வோக் வகுப்பில் கைகொடுத்தவருக்கு நன்றி

சனிக்கிழமை இணையவழி வோக் நடனப் பட்டறையில் கேமராவை அணைத்தே வைத்திருந்தவரே, உங்கள் பெயர்கூட எனக்குத் தெரியாது. பின்னால் சாய்ந்து தரையில் இறங்கும் 'டிப்' அசைவைப் பழகும்போது நான் தடுமாறுவதைப் பார்த்து, "தாடையை மார்போடு ஒட்டிக்கொள்ளுங்கள், தலை தரையில் மோதாது, ஒரு காலை மடக்கி மெதுவாக இறங்குங்கள்" என்று தனிச்செய்தி அனுப்பினீர்கள். மிக்க நன்றி.

அப்புறம் வகுப்பு முடிந்தும் இருந்து, நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் கறுப்பின, லத்தீன் குயர் (பால்புதுமையர்), திருநர் மக்கள் இந்த நடனத்தை வளர்த்த கதையைச் சொன்னீர்கள். பெண் வேடமிடும் 'டிராக்' கலைஞர்களுக்கான அழகிப் போட்டிகளின் நிறவெறியை எதிர்த்த கிரிஸ்டல் லபேஜா 1970களின் தொடக்கத்தில் தன் பெயரில் ஒரு 'ஹவுஸ்' (போட்டிகளில் சேர்ந்து கலந்துகொள்ளும் குழு) தொடங்கியதையும், நடனக் கலைஞர் வில்லி நிஞ்சா வோக்கை உலக மேடைகளுக்குக் கொண்டுபோனதையும் உங்களிடம்தான் கேட்டேன். வீட்டைவிட்டுத் துரத்தப்பட்ட பிள்ளைகளுக்கு ஹவுஸ்தான் குடும்பம். இதெல்லாம் தெரியாமல் அசைவுகளை மட்டும் எடுத்துக்கொள்வது நியாயமில்லை என்றே நினைக்கிறேன்.

இதைப் படித்தால் ஒரு வரி எழுதுங்கள். அடுத்த வகுப்புக்கு வருவீர்கள்தானே?