மூலை வீட்டு அக்காவின் செய்தி

திருகோணமலை

அன்புள்ள கச்சான் சீமாட்டிக்கு,

நாங்கள் நலம். இவ்வளவு நாள் எழுதாததற்கு நீ திட்டு, வாங்கிக்கொள்கிறேன். ஆனால் முதலில் இதைக் கேள்.

மனையாவெளி மூலை வீட்டு அக்காவுக்குக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய். இரத்தப்போக்கை மாதக்கணக்காக மறைத்திருக்கிறாள். சிகிச்சை தொடங்கிவிட்டது. எனக்கு ஆத்திரமெல்லாம் ஊர் வாயின் மீதுதான். இந்தப் புற்றுநோயைக் கொண்டுவரும் எச்.பி.வி. வைரஸ் உடலுறவில் தொற்றுவது என்று யாரோ சொன்னதும் அவளுடைய நடத்தையை அலசத் தொடங்கிவிட்டார்கள். பதினேழு வயதில் கழுத்தை நீட்டி, ஒருவனோடு மட்டும் வாழ்ந்து, ஆறு பெற்றவள்! அத்தானின் கொழும்புக் காலத்தைப் பற்றி மட்டும் யாரும் பேசவில்லை. மனைவி வேறு யாரையும் அறியாவிட்டாலும் கணவனுக்கு வேறு தொடர்புகள் இருந்தால் அவளுக்கும் ஆபத்துக் கூடும்.

இன்னொன்று, இந்த வைரஸ் தொற்றாதவர்கள்தான் குறைவு. பெரும்பாலும் ஓரிரு ஆண்டுகளில் உடலே அதை விரட்டிவிடும். போகாமல் தங்கிவிட்டால்தான் புற்றுநோயாக மாறக்கூடும், அதற்கும் பொதுவாக 15 முதல் 20 ஆண்டுகள் ஆகும். புகைத்தல், பல பிரசவங்கள், இளவயதில் தாயாவது, எதிர்ப்புச் சக்தி குறைவது எல்லாம் அதற்குத் துணைபோகின்றன. கருத்தடை மாத்திரையை ஐந்து ஆண்டுகளுக்கு மேல் எடுத்தாலும் ஆபத்துச் சற்றுக் கூடும், நிறுத்தினால் படிப்படியாகக் குறையும்.

அத்தனை ஆண்டு அவகாசம் இருந்தும் அக்கா ஒருமுறைகூடக் கருப்பைக் கழுத்துப் பரிசோதனைக்குப் போகவில்லை. குடும்பநல மாது வீடு தேடி வந்து கூப்பிட்டும், கருவாடு காயப்போடும் கூலி போய்விடும் என்று நின்றுவிட்டாள். வெட்கம் வேறு. அவளைக் கவிழ்த்தவை வறுமையும் வெட்கமும்தான், நடத்தை அல்ல.

இப்போது உன்னிடம் வருகிறேன். நமக்கு 45 ஆகிவிட்டது. 35 வயதிலும் 45 வயதிலும் அரசாங்கக் கிளினிக்கில் இலவசமாகப் பார்க்கிறார்கள். ஊசிக்குப் பயந்து பள்ளிக்கூட மதிலேறிக் குதித்தவளே, இதில் ஊசி கிடையாது!

ஊசி உன் சின்னவளுக்குத்தான். தரம் 6 பெண்பிள்ளைகளுக்கு 2017 முதல் பாடசாலையிலேயே போடுகிறார்கள். இந்தப் புற்றுநோயில் பத்தில் ஏழுக்குக் காரணமான எச்.பி.வி. 16, 18 ஆகிய இரு வகை வைரஸ்களையும் அது தடுக்கும். "இந்த வயதில் எதற்கு?" என்று மாமி கேட்பார். தொற்று வருமுன் போட்டால்தான் முழுப் பலன் என்று சொல். ஊசி போட்டாலும் 35 வயதானதும் பரிசோதனை வேண்டும்.

பதிலில் நீ கிளினிக்குக்குப் போகும் திகதியை முதலில் எழுது. மாமியின் முழங்கால், மகனின் பரீட்சை எல்லாம் அதற்குப் பிறகு.

அன்புடன்,
தேவி