சுருளைத் தேடிய வாத்தியார்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் இயக்குநர் கே. சுப்பிரமணியம் பற்றி வந்த கட்டுரையைப் பாபநாசத்தில் நாங்கள் கைமாற்றிக் கைமாற்றிப் படித்தோம். ஊர்க்காரர் அல்லவா! ‘தியாகபூமி’க்கு நிறைய இடம் கொடுத்திருந்தீர்கள், சரி. ஆவணப்படக்காரரான அவர் மகன் எஸ். கிருஷ்ணசாமிக்கு ஒரே ஒரு வரிதான். நியூயார்க்கில், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அவர் யாரிடம் படித்தார் என்பது அதிலும் இல்லை.

அந்த வாத்தியார் எரிக் பார்னோ. 1908-இல் நெதர்லாந்தில் பிறந்து, சிறுவயதிலேயே அமெரிக்கா போனவர். முதலில் வானொலிக்கு எழுதக் கற்றுக்கொடுத்தார். அப்புறம் அங்கே சினிமாப் படிப்பையே உருவாக்கினார். கிருஷ்ணசாமியோடு சேர்ந்து இந்திய சினிமாவின் வரலாற்றை எழுதி 1963-இல் வெளியிட்டார். மாணவன் பெயரையும் அட்டையில் போட எத்தனை ஆசிரியர்களுக்கு மனசு வரும்? (முப்பது வருடம் பள்ளியில் வரலாறு நடத்தியவன் கேட்கிறேன். நான் போட்டிருப்பேனா என்பது வேறு விஷயம்.)

எனக்குப் பெரிதாகப் படுவது அவர் எடுத்த 16 நிமிடப் படம். ‘எடுத்த’ என்று சொல்வதே தப்பு; அதில் ஒரு காட்சிகூட அவர் பிடித்ததல்ல. 1945-இல் குண்டு விழுந்தபின் ஹிரோஷிமாவிலும் நாகசாகியிலும் ஜப்பானியக் கேமராக்காரர்கள் எடுத்த சுருள்களை அமெரிக்க ராணுவம் பறித்துக்கொண்டுபோய் இருபது வருடத்துக்கு மேல் பூட்டிவைத்திருந்தது. ஒரு பத்திரிகைத் துணுக்கைப் பார்த்துவிட்டு, எங்கே அந்தச் சுருள் என்று எழுதிக் கேட்டு வாங்கினார் பார்னோ. இரண்டரை மணி நேரத்துக்கு மேலிருந்ததைக் கழித்துக் கழித்து 16 நிமிடமாக்கி 1970-இல் வெளியிட்டார். பின்னாளில் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் திரைப்படப் பிரிவுக்கும் தலைவராக இருந்தார். 2001-இல் காலமானார்.

இதை எதற்கு எழுதுகிறேன் என்றால், போன ஐப்பசி அடைமழையில் பக்கத்து ஊர் ஸ்டுடியோ ஒன்றில் கூரை ஒழுகி, பழைய வீடியோ கேசட்டுகளை மூட்டை கட்டித் தெருவில் வைத்துவிட்டார்கள். எல்லாம் கல்யாண கேசட்தான். ஆனால் மாப்பிள்ளை அழைப்புக்குப் பின்னால் குறுவைக் களம் தெரியும், மாட்டு வண்டியில் நெல் போகும். அதையெல்லாம் யார் தனியாகப் படம்பிடித்தார்கள்? அஞ்சாறு கேசட்டை எடுத்து வந்தேன். மற்றவை குப்பை வண்டியில் போய்விட்டன. எடுத்து வந்ததிலும் பூஞ்சை பிடிக்காமல் ஓடுவது ஒன்றே ஒன்று. அதில் எங்கள் தெரு வாய்க்கால் கரை தொட்டுப் போகிறது. யாரோ ஒரு பாட்டி கேமராவைக் கண்டுகொள்ளாமல் செம்பு துலக்குகிறார்.

பூஞ்சை பிடித்த கேசட்டைத் துடைத்துக் கணினிக்கு மாற்றித் தருபவர் கும்பகோணம், தஞ்சாவூர் பக்கம் யாராவது இருந்தால், உங்கள் வாசகர்கள் இந்தப் பகுதிக்கு எழுதட்டும்.

— ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர், பாபநாசம்