கிழிந்த வலையைக் கடலில் விடாதீர்கள்

தேவனாம்பட்டினம், தாழங்குடா, சோதிகுப்பம் உறவுகளுக்கு வணக்கம். கிழிந்த நைலான் வலையை வெட்டிக் கடலிலேயே விட்டால் அது மக்காது, பாரில், அதாவது கடலடிப் பாறையில் சிக்கி, ஆளே இல்லாமல் வருஷக்கணக்கில் மீனையும் நண்டையும் ஆமையையும் கொன்றுகொண்டே இருக்கும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளை ஒட்டிய பவளப்பாறைகளுக்கு 1986 முதல் தேசியப் பூங்கா என்ற காவல் உண்டு, அப்படியிருந்தும் 2016இல் கடல் சூடேறி அவை வெளுத்தன. நம் பக்கத்துப் பாருக்கு நாம்தான் காவல், மீன் குஞ்சு அண்டி வளர்வதே அங்கேதான். அதனால் கிழிந்த வலையைக் கரைக்கே கொண்டு வாருங்கள்.

அப்புறம், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு வீடுகளில் வருமானம் நின்றுவிடும். வெளியூரில் சம்பளம் வாங்குகிறவர்கள் அந்த 61 நாளும் கருவாட்டை நம் ஊர் அக்காமாரிடமே வாங்குங்கள், தயவுசெய்து பேரம் பேசாதீர்கள்.