பழைய பிஸ்டனைக் கேட்டு வாங்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் ஒரிலியாவில் சின்ன எஞ்சின்கள் திருத்தும் கராஜ் ஒன்று வைத்திருக்கிறேன். கோடையில் புல்லு வெட்டும் மெசினும் படகு மோட்டாரும், பனிக்காலத்தில் பனியில் ஓடும் ஸ்னோமொபைல் வண்டியும். மரக்கறி வாங்க ஸ்காபரோவுக்கு வரும் நாட்களில் கடையில் உங்கள் பத்திரிகையை எடுத்துவந்து வாசிப்பேன். கடந்த சில வருடங்களாக எங்கள் பிள்ளைகள் ஸ்னோமொபைலுடன் என் வாசலுக்கு வருவது கூடியிருக்கிறது. அஜாக்ஸிலிருந்தும் மார்க்கத்திலிருந்தும் வண்டியை ட்ரெய்லரில் கட்டிக்கொண்டு வருகிறார்கள். இந்த நாட்டுக் குளிரை ஜன்னலுக்குள் இருந்து பார்க்காமல் அதற்குள் இறங்கி ஓடும் பிள்ளைகளைப் பார்க்க எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். ஆனால் அவர்களுடைய எஞ்சின்கள் உடைந்து வரும் விதமும், உடைந்தபின் அவை திருத்தப்படும் விதமும் மனதை வருத்துகின்றன. அதனால்தான் இந்தக் கடிதம்.

போன பெப்ரவரியில் வந்த ஒரு தம்பியின் கதையைச் சொல்கிறேன். வண்டி 800 சிசி, இரண்டு சிலிண்டர், இரண்டு ஸ்ட்ரோக், தண்ணீரால் குளிரும் எஞ்சின், சுமார் 150 குதிரைத்திறன். பாவித்த வண்டியாக வாங்கியிருக்கிறார். முதல் மாதத்திலேயே கிளட்ச் பக்கத்துப் பிஸ்டனில் (சிலிண்டருக்குள் மேலும் கீழும் ஓடும் அலுமினிய உருளையில்) ஓட்டை விழுந்துவிட்டது. ஒரு திருத்துமிடத்தில் புதுப் பிஸ்டனும் ரிங்கும் போட்டு 1,400 டொலர் வாங்கியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு 60 கிலோமீற்றர்கூட ஓடவில்லை. உறைந்த சிம்கோ ஏரியின் நடுவில், பொழுது சாயும் நேரத்தில், அதே சிலிண்டரில் அதே பிஸ்டன் மறுபடியும் போய்விட்டது. கூட வந்த நண்பர் டிரைவ் பெல்ட்டைக் கழற்றிவிட்டுக் கயிறு கட்டி இழுத்துவந்ததால் பிள்ளை கரை சேர்ந்தார். தனியாகப் போயிருந்தால் அந்தக் குளிரில் பல கிலோமீற்றர் நடை. இது வெறும் பணக் கதை இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

என்னிடம் வந்தவுடன் நான் கேட்ட முதல் கேள்வி, "தம்பி, முதல் பிஸ்டன் எங்கே?" என்பதுதான்.

"அவங்க எறிஞ்சிட்டாங்க அங்கிள்."

எனக்கு மிகவும் வேதனையாக இருந்தது. உடைந்த பிஸ்டன் குப்பை அல்ல. எஞ்சின் ஏன் செத்தது என்று அதன் முகத்திலேயே எழுதியிருக்கும். அதை வாசிக்காமல் புதியதைப் போடுவது, காய்ச்சல் ஏன் வந்தது என்று பார்க்காமல் பனடோல் கொடுப்பது போன்றது.

நல்ல காலம், இரண்டாவது பிஸ்டன் உள்ளே இருந்தது. சிலிண்டரையும் அதன் மேல்மூடியையும் கழற்றி, பிஸ்டனை மேசையில் வைத்துத் தம்பிக்குக் காட்டினேன். புகைபோக்கிப் பக்கத்து ஓரத்தில் பட்டாணிக் கடலை அளவுக்கு ஓட்டை. ஓட்டையின் விளிம்பு உடைந்தது போல இல்லை. மெழுகுதிரி உருகி வழிந்தது போல வளவளப்பாக இருந்தது. பிஸ்டனின் மேற்புறம் வெளிறிய சாம்பல் நிறம், கையால் தொட்டால் காய்ந்த சுண்ணாம்பு. கவிழ்த்துப் பார்த்தால் அடிப்புறத்தில் எண்ணெய் கருகிக் கறுப்பு வட்டம். பக்கத்துச் சிலிண்டரின் பிஸ்டனோ நல்ல கோப்பி நிறத்தில் இருந்தது. பெற்றோலும் எண்ணெயும் கலந்து உள்ளே வரும் வாய்களுக்கு நேரே, கழுவி விட்டது போன்ற சுத்தமான திட்டுகள். ஒரே டாங்கியிலிருந்து குடித்த இரண்டு பிஸ்டன்கள். ஒன்று நலம், ஒன்று சாவு. அப்படியானால் பெற்றோலில் குற்றமில்லை. பெற்றோல் கெட்டிருந்தால் இரண்டும் சேர்ந்து பாதிக்கப்பட்டிருக்கும். கிளட்ச் பக்கத்துச் சிலிண்டருக்கு மட்டும் எங்கோ காற்று கூடுதலாகப் போகிறது, அல்லது பெற்றோல் குறைவாகப் போகிறது. இவ்வளவையும் ஒரு கருவியும் இல்லாமல், வெறும் கண்ணால் பார்த்தே அறியலாம்.

வேறு காரணமாக இருந்தால் முகமும் வேறாக இருந்திருக்கும். ஒக்டேன் குறைந்த பெற்றோல் ஊற்றி நொக் அடித்து (பெற்றோல் தானாகவே வெடித்து) உடைந்த பிஸ்டனின் விளிம்பு எலி கொறித்தது போல இருக்கும். குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் பண்ணியவுடன் முறுக்கி ஓடி இறுகிய பிஸ்டனில் ஓட்டை இருக்காது. சுற்றிவர நான்கு இடங்களில் உரசல் கோடு இருக்கும். அலுமினியப் பிஸ்டன் சீக்கிரம் சூடாகி விரியும், சுற்றியுள்ள சிலிண்டரோ குளிர்ந்த தண்ணீருக்குள் சுருங்கியபடி நிற்கும். அதனால்தான் நாலைந்து நிமிடம் சூடாக விடுங்கள் என்று ஒவ்வொருவரிடமும் கெஞ்சுகிறேன்.

நொக் சத்தத்தை நான் படித்தது கனடாவில் இல்லை. 1990களில் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வராத காலம். கொடிகாமத்தில் மாமாவின் கராஜில் நின்றேன். சின்னப் போத்தலிலிருந்து நாலு துளி பெற்றோல் விட்டு மோட்டார் சைக்கிளை ஸ்டார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டுவோம். பின்னால் ஆளை ஏற்றிக்கொண்டு எதிர்க்காற்றில் போகும்போது எஞ்சினுக்குள் ஆணி தட்டுவது போல ஒரு சத்தம் வரும். மாமா கேட்டவுடனே "கையை விடு, பிஸ்டன் போயிடும்" என்பார்; அக்சிலேட்டரைத் தளர்த்து என்று அர்த்தம். பொருள் கிடைக்காத காலம். ஒரு பிஸ்டன் போனால் மாற்றுப் பிஸ்டன் இல்லை. ஆகவே ஏன் போனது என்று கண்டுபிடிக்காமல் எதையும் பூட்டமாட்டோம். இங்கே பொருள் நிறையக் கிடைக்கிறது என்பதால் அந்தப் பழக்கம் இல்லாமல் போகக் கூடாது.

சரி, தம்பியின் வண்டிக்கு வருகிறேன். இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினில் காற்றும் பெற்றோலும் முதலில் பிஸ்டனுக்குக் கீழே கிராங்க் தண்டு சுழலும் கிராங்க் பெட்டிக்குள் வந்துதான் மேலே போகும். ஆகவே அந்தப் பெட்டி காற்றுப் புகாமல் இருக்கவேண்டும். எங்கேயாவது மயிரிழை வெடிப்பு இருந்தால்கூட வெளிக்காற்று உள்ளே போய்ப் பெற்றோலின் அளவு குறையும். பெற்றோல் எரிவதற்கு மட்டுமல்ல, ஆவியாகும்போது பிஸ்டனைக் குளிர்விக்கவும் செய்கிறது. இந்த எஞ்சின் முழு வேகத்தில் நிமிடத்துக்கு 8,000 சுற்றுச் சுற்றும். இரண்டு ஸ்ட்ரோக்கில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வெடி. ஒரு சிலிண்டரில் மட்டும் விநாடிக்கு 133 வெடி! அலுமினியம் உருகுவது 660 பாகை செல்சியஸில். பிஸ்டன் செய்யும் கலவை அதற்கும் குறைவாகவே இளகத் தொடங்கிவிடும். பெற்றோல் குறைந்தால் பிஸ்டன் தாங்குவது சொற்ப நேரந்தான்.

காற்று புகும் அந்த வெடிப்பைத் தேட ஒரு சோதனை இருக்கிறது. ஓட்டை விழுந்த பிஸ்டனுக்குப் பதில் ஒரு பிஸ்டனைத் தற்காலிகமாகப் பூட்டி, காற்று உள்ளே வரும் ரப்பர் வாயையும் புகை வெளியே போகும் வாயையும் அடைத்தேன். கைப்பம்பால் 6 பிஎஸ்ஐ அழுத்தம் வரை காற்றேற்றிவிட்டு மானியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நல்ல எஞ்சினில் முள் சில நிமிடங்களுக்கு அசையாமல் நிற்கும், அசைந்தாலும் மெதுவாகத்தான். இதில் கிளட்ச் பக்கத்தில் கண் முன்னாலேயே இறங்கியது. சவர்க்காரத் தண்ணீர் தெளித்தேன். கிராங்க் தண்டின் சீலில் குமிழி இல்லை. சிலிண்டர் அடியில் இல்லை. காற்றையும் பெற்றோலையும் கலக்கும் காபரேட்டரையும் எஞ்சினையும் இணைக்கும் ரப்பர் பூட்டை, அதாவது குழாய் போன்ற இணைப்பை, விரலால் சற்று வளைத்தவுடன், அடிப்பக்கத்தில், கிளாம்புக்குக் கீழே, வெள்ளை நுரை பொங்கி வந்தது. வளைக்காவிட்டால் வெடிப்பு மூடிக்கொள்ளும். நின்ற இடத்தில் ஓடும்போது எஞ்சின் நல்ல பிள்ளை போல இருந்ததும் இதனால்தான். முழு வேகத்தில் எஞ்சின் அசையும்போது மட்டும் வாய் திறந்திருக்கிறது.

தம்பியிடம் கேட்டேன், "கையை விட்டால் ஆர்.பி.எம் (எஞ்சின் சுற்றும் வேகம்) உடனே இறங்கிச்சா?" யோசித்துவிட்டு, "இல்ல அங்கிள், கொஞ்ச நேரம் மேலேயே நின்றுதான் இறங்கும், அது பவர்ஃபுல் எஞ்சின் எண்டு நினைச்சன்" என்றார். அதுதான் எஞ்சின் கொடுத்த எச்சரிக்கை. வாசகர்களில் யாரிடமாவது இரண்டு ஸ்ட்ரோக் வண்டி இருந்தால் இந்த ஒரு அறிகுறியையாவது நினைவில் வையுங்கள்.

அந்த ரப்பர் பூட்டின் விலை 40 டொலருக்கும் குறைவு. ஆனால் அதற்குள் நடந்த சேதம் வேறு. முதல் முறை உருகிய அலுமினியம் எங்கே போயிருக்கும்? கீழே, கிராங்க் பெட்டிக்குள். அதை யாரும் கழுவவில்லை. கிராங்கைக் கையால் சுழற்றினால் மணல் அரைபடுவது போல விரலுக்குத் தெரிந்தது. பெட்டியைப் பிரித்தபோது பெயரிங்குகளில் மினுமினுப்பாகத் துகள். கிராங்கை மாற்றவேண்டி வந்தது. சிலிண்டரை மட்டும் காப்பாற்ற முடிந்தது. இந்தச் சிலிண்டர்களின் உட்சுவரில் நிக்கலும் சிலிக்கன் கார்பைடும் சேர்ந்த மெல்லிய பூச்சு இருக்கும். பழைய இரும்புச் சிலிண்டர் போல அதைக் கடைந்து பெரிதாக்க முடியாது. ஒட்டியிருந்த அலுமினியத்தை அமிலத்தால் கரைத்துப் பார்த்தேன், பூச்சு உரியவில்லை. கல் போட்டு இலேசாகத் தேய்த்து அதையே பூட்டினேன்.

காபரேட்டர் வண்டி வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. மைனஸ் 5 பாகையில் சரியாக ஓடிய ஜெட் (பெற்றோல் அளவைத் தீர்மானிக்கும் சிறு துளை) மைனஸ் 25இல் சரிவராது. குளிர்காற்று அடர்த்தியானது, இந்த இருபது பாகை வித்தியாசத்தில் காற்று சுமார் 8 வீதம் கூடுதலாக உள்ளே போகும். பெற்றோலையும் கூட்டத்தான் வேண்டும். அப்புறம், இந்த வண்டிகளுக்குத் தண்ணீர் குளிர்வது முன்னால் உள்ள ரேடியேட்டரால் இல்லை. வண்டியின் அடியில் சுழலும் சங்கிலிப்பட்டை அள்ளி வீசும் பனி, இருக்கைக்குக் கீழே உள்ள குளிரூட்டியில் படுவதால்தான். பனித்தூள் இல்லாத வெறும் ஏரிப் பனிக்கட்டியில் வேகமாக ஓடினால் குளிர்வதற்கு ஒன்றுமில்லை. வெப்பமானியைப் பாருங்கள்.

பெற்றோர் பலர் இதை விளையாட்டுப் பொருள் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். கியூபெக்கில் வால்கூர் என்ற ஊரில் ஜோசப்-ஆர்மண்ட் பொம்பார்டியர் என்ற மெக்கானிக் 1934ஆம் ஆண்டுப் பனிக்காலத்தில் தன் சின்ன மகனை இழந்தார். குடல்வால் அழற்சி, பனி மூடிய வீதியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வழியில்லை. பனியில் ஓடும் வண்டி செய்வதில் ஏற்கெனவே ஈடுபட்டிருந்த அவர் அதற்குப் பிறகு ஓயவில்லை. 1937இல் சங்கிலிப்பட்டைக்குக் காப்புரிமை பெற்றார், 1959இல் ஸ்கி-டூ என்ற அவருடைய ஸ்னோமொபைல் வந்தது. ஆளைப் பனியிலிருந்து மீட்கவே பிறந்த வண்டி. அதன் எஞ்சினை அரைகுறையாகத் திருத்தி ஒரு பிள்ளையை ஏரி நடுவுக்கு அனுப்புவதை என்னால் ஏற்கமுடியவில்லை.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். எஞ்சின் உடைந்தால் பழைய பிஸ்டனை எறிய விடாதீர்கள், கேட்டு வாங்குங்கள். "ஏன் உடைந்தது? காற்றழுத்தச் சோதனை செய்தீர்களா? கிராங்க் பெட்டியைக் கழுவினீர்களா?" என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் பணம் கொடுக்க அவசரப்படாதீர்கள். என் தொழில் செய்யும் சகோதரர்களுக்கும் சொல்கிறேன்: பருவ நெரிசலில் ஒரு மணித்தியாலம் பெரிதுதான், ஆனாலும் அந்தச் சோதனையைச் செய்யுங்கள்.

தம்பியின் வண்டி மார்ச்சில் மறுபடியும் ஓடியது. கையை விட்டவுடன் ஆர்.பி.எம் சட்டென்று கீழே விழுந்தது. அவர் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். ஓட்டை விழுந்த பிஸ்டனையும் வெடித்த பூட்டையும் என் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறேன். இந்தப் பக்கம் வரும் பிள்ளைகள் யாராவது கேட்டால், ரப்பரை வளைத்துக் காட்டுவேன்.

இப்படிக்கு,
எஞ்சின் திருத்தும் ஒரு வாசகர்,
ஒரிலியா, ஒன்ராறியோ