அசைன்மென்ட்டுக்கும் விடைக்குறிப்பு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கல்லூரி மதிப்பெண் என்றாலே எல்லாரும் பருவத்தேர்வைத்தான் பேசுகிறார்கள். அரசு உதவி பெறும் கல்லூரி ஒன்றில் பொருளியல் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். யாரும் கண்டுகொள்ளாத அசைன்மென்ட்டைப் பற்றி எழுதுகிறேன்.

நம் கலை அறிவியல் கல்லூரிகள் பலவற்றில் ஒரு தாளுக்குக் கல்லூரி ஆசிரியரே போடும் இன்டர்னல் 25, பருவத்தேர்வு 75. அந்த 75க்கு எவ்வளவு காவல்! விடைக்குறிப்பு, யாருடைய தாள் என்று தெரியாமலிருக்க டம்மி நம்பர், தலைமைத் தேர்வாளர், அப்புறம் மறுகூட்டல், மறுமதிப்பீடு. திருத்திய விடைத்தாளைத் தேர்வு எழுதியவர் கேட்டுப் பார்க்கலாம் என்று உச்ச நீதிமன்றமே 2011இல் சொல்லிவிட்டது. இன்டர்னலில் அசைன்மென்ட்டுக்குப் போடும் 5 மதிப்பெண்ணுக்கு இதில் எதுவும் கிடையாது. பல இடங்களில் அந்தத் தாள் மாணவர் கைக்குத் திரும்புவதே இல்லை. துறை அலமாரியில் கிடந்து எடைக்குப் போகிறது.

பணியில் இருந்தபோது ஒருமுறை நானும் சக ஆசிரியை ஒருவரும் ஒரே பத்து அசைன்மென்ட்டைத் தனித்தனியாகத் திருத்திப் பார்த்தோம். வாரச்சந்தையில் விலை எப்படி முடிவாகிறது என்பது தலைப்பு. ஒரு மாணவி மூன்றே பக்கம் எழுதியிருந்தாள். காலையில் கிலோ 30க்குப் போன கத்தரிக்காய் சாயங்காலம் 12க்கு இறங்கியதை, அம்மாவின் கடையில் உட்கார்ந்து பார்த்து எழுதியது. நான் 5 போட்டேன். அவர் 2. பக்கம் குறைவு, உட்தலைப்பு இல்லை என்றார். ஸ்கெட்ச் பேனாவில் பார்டர் போட்டு, நோட்ஸைப் பார்த்துப் பதினான்கு பக்கம் எழுதிய இன்னொரு தாளுக்கு அவர் 5, நான் 2. அவரைக் குறை சொல்ல மாட்டேன். எதைப் பார்த்து மதிப்பெண் போடுவது என்று எங்கள் இருவருக்குமே யாரும் சொன்னதில்லை.

அடுத்த பருவத்தில், தலைப்புக் கொடுத்த அன்றே பலகையில் எழுதிப் போட்டோம்: கேட்டதற்குப் பதில் இருந்தால் 2, சொந்தமாகப் பார்த்த உதாரணத்துக்கு 1, எங்கிருந்து எடுத்தது என்று குறிப்பிட்டால் 1, கோவையாக எழுதினால் 1. அதன் பிறகு எங்கள் மதிப்பெண்கள் ஒன்றுக்கு மேல் விலகவில்லை. எனக்கு அதைவிடப் பெரிதாகப் பட்டது வேறு. "ஒரு மார்க் சேர்த்துப் போடுங்க மேடம்" என்று கெஞ்சிய பிள்ளைகள், "உதாரணத்துக்கு ஏன் மேடம் மார்க் இல்லை?" என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

அறுபது பேர் வகுப்பில் இதற்கெல்லாம் நேரம் ஏது என்று ஆசிரியர்கள் கேட்பார்கள். நியாயம்தான். பருவத்துக்கு மூன்று வாங்கிக் குவிப்பதை விட்டு, ஒன்றே ஒன்று வாங்கி, முழுக்கப் படித்து, ஓரத்தில் இரண்டு வரி எழுதித் திருப்பிக் கொடுக்கட்டும்.

கருத்துத் திருட்டைத் தடுக்கப் பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் கொண்டுவந்த விதிகள் ஆய்வேடு, ஆய்வுக்கட்டுரை, நூல் போன்றவற்றுக்குத்தான். அசைன்மென்ட்டும் விடைத்தாளும் அதில் சேராது என்று அந்த விதிகளிலேயே இருக்கிறது. சாட்ஜிபிடியிடம் கேட்டால் ஒரு நிமிடத்தில் பதினான்கு பக்கம் வந்துவிடும் இந்தக் காலத்தில், பக்கத்தை எண்ணி மதிப்பெண் போட்டால் கத்தரிக்காய் விலையைப் பார்த்து எழுதிய பிள்ளைக்கு என்ன மிஞ்சும்?

அடுத்த முறை பாடத்திட்டத்தைத் திருத்தும்போது, ஒவ்வொரு தாளிலும் பார்வை நூல்களுக்குக் கீழே, அசைன்மென்ட்டில் எதற்கு எத்தனை மதிப்பெண் என்று நான்கு வரி சேர்க்கும்படி பாடத்திட்டக் குழுவினரைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பொருளியல் ஆசிரியை,
கும்பகோணம்.