கார் முகப்பு விளக்கை மாற்ற நினைப்பவனுக்கு வழி சொல்லுங்கள்: போக்குவரத்து ஆணையருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தமிழ்நாடு போக்குவரத்து ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம். நான் ஒரு மருந்து விற்பனைப் பிரதிநிதி. மாதத்தில் பத்துப் பன்னிரண்டு இரவுகள் புதுக்கோட்டையிலிருந்து அறந்தாங்கிக்குக் கார் ஓட்டி வீடு திரும்புகிறேன். நான்கு வழிச்சாலையில் போகிறவர்களுக்கு நடுத்திட்டில் அரளிச் செடி இருக்கிறது. எதிர் வெளிச்சத்தில் பாதியையாவது அது வாங்கிக்கொள்ளும். இருவழிச் சாலையில் எங்களுக்கு வாய்த்தது நடுவே ஒரு வெள்ளைக் கோடு மட்டும்தான். இரவு ஒன்பது மணிக்கு மேல் எதிரே வருகிற வண்டிகளில் பல, கண்ணைப் பறிக்கும் வெள்ளை வெளிச்சத்தோடு வருகின்றன. அவர்கள் மீது புகார் எழுத நான் முழுத் தகுதி உடையவன் அல்லன். நானும் அந்தக் கூட்டத்தில் மூன்று வாரம் இருந்தவன்.

என் கார் 2012ஆம் ஆண்டு மாடல். முகப்பு விளக்கின் பிளாஸ்டிக் மூடி பழுத்த வெற்றிலை நிறத்துக்கு வந்துவிட்டது. மழை இரவில் சாலையோரம் நடப்பவர் பக்கத்தில் வந்த பிறகுதான் தெரிவார். பயந்துபோய் உதிரிபாகக் கடைக்குப் போனேன். கடைக்காரர் என்ன கார் என்று மட்டும் கேட்டார். ஒரு ஜோடி எல்ஈடி பல்பை எடுத்து வைத்தார். பெட்டியின் மேல் வெளிச்சத்தின் அளவான லுமென் கணக்கு பெரிய எழுத்தில் இருந்தது. ‘சாலையில் பயன்படுத்துவதற்கு அன்று’ என்ற வாசகம் அடியில் எறும்பு வரிசைபோல் இருந்தது. அதை வீட்டுக்கு வந்த பிறகுதான் படித்தேன்.

மூன்றாவது வாரம் ஓர் இரவு, எதிரே மொபெட்டில் வந்த ஒருவர் தடுமாறிச் சாலையை விட்டு மண்ணில் இறங்கி, கருவேல முள்ளுக்கு ஓரடி முன்னால் நின்றார். பதறிப்போய் இறங்கி ஓடினேன். என் மனைவியின் அண்ணன். “மாப்பிள்ளை, நீங்கள்தானா? யாரோ லாரிக்காரன் என்று நினைத்து வாய் நிறையத் திட்டிவிட்டேன்” என்றார். அவர் சிரித்தார், எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் இரவு காரைப் பள்ளிக்கூட மதிலுக்குப் பத்து மீட்டர் தள்ளி நிறுத்தினேன். ஒரு பக்கம் பழைய ஹாலோஜன் பல்பு, மறுபக்கம் எல்ஈடி. டிம் போட்டு ஒவ்வொன்றாகத் துணியால் மூடிப் பார்த்தேன். ஹாலோஜன் விளக்கு மதிலில் ஒரு கோடு கிழித்தது. வலப்புறம் கோடு மட்டமாக நின்றது. இடப்புறம் சாய்வாக மேலேறியது. நாம் இடப்பக்கம் செல்கிறவர்கள் என்பதால் ஓரத்தில் நடப்பவரையும் பெயர்ப்பலகையையும் காட்டவே அந்த ஏற்றம். எதிரே வருகிறவர் கண்ணைக் காப்பாற்றவே வலப்புற மட்டம். எல்ஈடி பக்கம் கோடே இல்லை. வெளிச்சம் தண்ணீரில் மை கரைந்ததுபோல் மதிலுக்கு மேலே பரவி, பின்னால் இருந்த வேப்பமரத்தின் உச்சிவரை போனது. காருக்கு முன்னால் பத்தடி பளீரென்று இருந்ததால் ஓட்டும்போது எனக்கு நன்றாகத் தெரிவதாகத் தோன்றியிருக்கிறது. உண்மையில் கிட்ட விழுந்த வெளிச்சம் என் கண்மணியைச் சுருக்கி, தூரத்தைக் கெடுத்திருக்கிறது.

காரணம் பல்பைக் கையில் எடுத்துப் பார்த்தாலே புரியும். மூன்று காலுள்ள எச்4 பல்பில் இரண்டு இழைகள். பிரைட்டுக்கு 60 வாட், டிம்முக்கு 55 வாட். டிம் இழைக்கு அடியில் நகத்தளவு உலோகக் கிண்ணம் ஒன்று உண்டு. பிரதிபலிப்பானின் கீழ்ப்பாதிக்கு வெளிச்சம் போகாமல் தடுப்பது அதுதான். மதிலில் விழும் கோடு பிறப்பதும் அதனால்தான். பிரதிபலிப்பானை அந்த இழை இருக்கும் இடத்துக்கு என்றே அச்சு வார்த்திருக்கிறார்கள். இழை இருந்த இடத்தில், இரு பக்கமும் ஒளிதரும் எல்ஈடி சில்லு ஒட்டிய பட்டையைச் செருகினால், சில்லு ஒரு மில்லிமீட்டர் தள்ளி அமர்ந்தாலும் அத்தனை கணக்கும் குலைகிறது. நான் வாங்கிய எல்ஈடியிலும் ஒப்புக்கு ஒரு கிண்ணம் இருந்தது.

சட்டம் இதை அறியாமல் இல்லை. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 106ஆவது விதி, விளக்குக்கு முன்னால் 8 மீட்டர் தூரத்தில், வலப்புறம் அரை மீட்டர் தள்ளி, ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கும் கண்ணைக் கூசச் செய்யக்கூடாது என்கிறது. ஒன்றரை மீட்டர் என்பது ஏறக்குறைய மொபெட்டில் உட்கார்ந்திருக்கும் என் மச்சானின் கண் உயரம். அனுமதியில்லாத மாற்றம் செய்த உரிமையாளருக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 182ஏ பிரிவின்படி ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ கிடைக்கலாம். இதெல்லாம் இருந்தும், கடைகளின் கண்ணாடி அலமாரியில் அந்தப் பெட்டிகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. வாங்குகிறவன் குற்றவாளி ஆகிற வரை காத்திருக்கிற ஏற்பாடு இது. அதே 182ஏ பிரிவில், முக்கியப் பாதுகாப்புப் பாகம் என்று மத்திய அரசு அறிவித்த பொருளைத் தரமின்றி விற்பவருக்கு, ஒரு பாகத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் அபராதம் விதிக்கவும் வழி வைத்திருக்கிறார்கள். அந்தப் பார்வையை முகப்பு விளக்கு பல்புகளின் பக்கமும் திருப்புங்கள் என்பது என் முதல் கோரிக்கை. மத்திய அரசுக்கு எழுத வேண்டியிருந்தால் தயவுசெய்து எழுதுங்கள்.

இரண்டாவது கோரிக்கைதான் எனக்கு முக்கியம். வெளிச்சம் போதவில்லை என்று சொல்கிறவன் பொய் சொல்லவில்லை. அவனுக்குச் சட்டத்துக்குள் என்ன வழி என்று எளிய தமிழில் ஒரு பக்கம் அச்சடித்து, ஒவ்வொரு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் ஒட்டுங்கள். எனக்கு அந்த வழியைச் சொன்னவர் ஒரு வயதான ஆட்டோ எலக்ட்ரீசியன். புது பல்பு கேட்டுப் போன என்னிடம், பல்பைத் தொடாமல் வோல்ட் மீட்டரை எடுத்து ஹோல்டரில் வைத்தார். எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் 13.8 வோல்ட், ஹோல்டரில் 12க்கும் கீழே. எர்த் ஒயர் துருப்பிடித்திருந்தது. வோல்டேஜ் பத்து சதவீதம் குறைந்தால் ஹாலோஜன் வெளிச்சம் ஏறக்குறைய முப்பது சதவீதம் குறைந்துவிடும். அவர் எர்த்தைச் சுரண்டிப் புதுப்பித்து, ரிலே என்னும் மின்விசைச் சுவிட்சு வைத்துப் பேட்டரியிலிருந்து நேராக ஒயர் இழுத்தார். அதே 60/55 வாட்டில் தரமுத்திரை உள்ள புது ஹாலோஜன் போட்டார். மூடியை 800, 1500, 2000 எண் தண்ணீர் உப்புத்தாள்களால் தேய்த்து, பாலிஷ் போட்டு, புற ஊதாக் கதிர் தடுக்கும் பூச்சும் அடித்தார். பற்பசையால் தேய்த்தால் போதும் என்று சொல்லும் காணொளிகளைக் காட்டினேன். “பல்லுக்கு வைத்துக்கொள்ளுங்கள்” என்றார். கடைசியாக விளக்கின் பின்னால் உள்ள திருகைத் திருப்பி, பத்து மீட்டரில் கோடு விளக்கின் மட்டத்துக்குப் பத்து சென்டிமீட்டர் கீழே விழும்படி வைத்தார். மொத்தச் செலவு அந்த எல்ஈடி ஜோடியின் விலையைத் தாண்டவில்லை. இப்போது அறந்தாங்கிச் சாலையில் மாடு படுத்திருந்தால் பிரேக் பிடிக்க நேரம் இருக்கும்போதே தெரிகிறது.

ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் 0, 1, 2, 3 என்று எண் போட்ட ஒரு சிறு உருளை பல கார்களில் இருக்கிறது. பின்சீட்டில் ஆளும் டிக்கியில் மூட்டையும் ஏறினால் காரின் மூக்கு மேலே தூக்கும். அப்போது விளக்கைத் தாழ்த்துவதற்கானது அது. பத்து வருடம் கார் ஓட்டிய பிறகு அது எதற்கு என்று தெரிந்துகொண்டவன் நான். ஓட்டுநர் உரிமத் தேர்வில் எட்டுப் போடச் சொல்கிறீர்கள். இதைப் பற்றி ஒரு கேள்வியாவது கேட்கலாம்.

முன்பெல்லாம் காவல்துறையினர் பஸ், லாரிகளை மறித்து விளக்கின் நடுவில் கருப்பு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். நல்லெண்ணம்தான். ஆனால் கோட்டைப் போடுவது உள்ளே இருக்கும் கிண்ணமும் பிரதிபலிப்பானும். வெளியே பொட்டு வைத்தால் வெளிச்சம் குறையும், கூச்சம் நிற்காது. அதற்குப் பதிலாக, சாலைப் பாதுகாப்பு மாதத்தில் கண் பரிசோதனை முகாம் நடத்துவதுபோல் விளக்கு முகாம் நடத்துங்கள். ஒரு வெள்ளைச் சுவர், பத்து மீட்டரில் தரையில் ஒரு கோடு, கையில் ஒரு திருப்புளி போதும். என்னைப் போன்ற சொந்தக் கார்க்காரன் வண்டியை உங்கள் ஆய்வாளர் பார்ப்பது பதிவு முடிந்து 15 வருடம் கழித்துத்தான். அதுவரை விளக்கு எந்தத் திசையில் பார்த்தாலும் கேட்பார் இல்லை.

இன்னும் ஒரு தெளிவு வேண்டும். என் கார் மாடலின் உயர்ரக வகையில் நிறுவனமே, வில்லை வழியாக வெளிச்சத்தைக் குவிக்கும் புரொஜெக்டர் விளக்கு வைத்து விற்றது. அதே விளக்கை முழுசாக வாங்கி என் காரில் பொருத்தினால் சட்டமா, குற்றமா? மூன்று இடங்களில் கேட்டேன், மூன்று பதில்கள் வந்தன. ஜெர்மனியில் 2020 முதல், இன்ன கார் மாடலில் இன்ன எல்ஈடி பல்பு என்று ஜோடி ஜோடியாகச் சோதித்து, பட்டியலிட்டு அனுமதிக்கிறார்கள். புணேயில் நமக்கும் வாகனங்களைச் சோதிக்கும் ஏஆர்ஏஐ சோதனைக்கூடம் இருக்கிறது. எல்ஈடியே ஆகாது என்று நான் சொல்லவில்லை. எது ஆகும் என்று யாராவது சொன்னால் போதும்.

கழற்றிய அந்த இரண்டு பல்புகளும் என் அலமாரியில் இருக்கின்றன. நல்ல நிலையில்தான் இருக்கின்றன. விற்றால் விலை போகும். விற்றால் வேறொரு காரில் எரியும். எந்த அலுவலகத்தில் ஒப்படைக்கலாம் என்று சொன்னால் கொண்டுவந்து தருகிறேன்.

இப்படிக்கு,
அறந்தாங்கிச் சாலையில் இரவில் கார் ஓட்டும் ஒருவன்