ஊதச் சொல்லும் முன் கால் மணி நேரம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குடித்துவிட்டு வண்டி ஓட்டுபவர்களைக் கண்டுபிடிக்கப் போலீஸார் வைத்திருக்கும் பிரீத் அனலைசர் கருவியை, சென்ற இதழின் கடிதப் பகுதியில் வாசகர் ஒருவர் ‘குருட்டுக் கருவி’ என்றும் அதைத் தூக்கி எறியவேண்டும் என்றும் எழுதியிருந்தார். ஒரு சொட்டு மதுவும் தொடாத தன் உறவினர், வாய் கொப்பளிக்கும் மருந்தைப் பயன்படுத்திய பாவத்துக்கு மாட்டிக்கொண்டார் என்பது அவருடைய முறையீடு. அவருடைய கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அது போய்ச் சேரவேண்டிய இடம் கருவி இல்லை. இத்தகைய கருவிகளைச் சரிபார்க்கும் ஆய்வகம் ஒன்றில் 11 ஆண்டுகள் வேலை பார்த்தவள் என்பதால் என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

மூச்சில் வரும் மது வயிற்றிலிருந்து எழும் வாடை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். குடித்தது ரத்தத்தில் கலக்கிறது. அந்த ரத்தம் நுரையீரலின் நுண்ணறைகளைச் சுற்றி ஓடும்போது ஆல்கஹாலில் ஒரு சிறு பங்கு ஆவியாகி அங்குள்ள காற்றில் சேர்கிறது. ரத்தத்தில் கூடினால் மூச்சிலும் கூடும், குறைந்தால் குறையும். 1 மில்லிலிட்டர் ரத்தத்தில் உள்ள அளவும் 2,100 மில்லிலிட்டர் ஆழ்ந்த மூச்சில் உள்ள அளவும் சமம் என்பது பல நாடுகள் ஏற்றுக்கொண்ட கணக்கு. பிரிட்டனில் அதை 2,300 என்று வைத்திருக்கிறார்கள். பெரும்பாலோரின் உடலில் இந்த விகிதம் 2,100-ஐவிடச் சற்று அதிகம். ஆகவே 2,100-ஐக் கொண்டு கணக்கிடும் கருவி அநேகமாக ஓட்டுநருக்குச் சாதகமாக, கொஞ்சம் குறைத்தே காட்டும்.

‘இன்னும் ஊதுங்கள், நிறுத்தாதீர்கள்’ என்று போலீஸார் சொல்வது தொல்லை கொடுப்பதற்காக இல்லை. முதலில் வெளிவருவது வாயிலும் தொண்டையிலும் நின்ற காற்று. நுரையீரலின் அடியாழத்துக் காற்று கடைசியில்தான் வரும். கருவி அதற்காகக் காத்திருந்து ஒரு சிறு அளவை உள்ளே இழுத்துக்கொள்கிறது. பாதியில் நிறுத்தினால் மாதிரியை ஏற்காது. மூச்சை அடக்கி வைத்திருந்து ஊதினால் ஏமாற்றிவிடலாம் என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். அப்படிச் செய்தால் எண் கூடவே செய்யும். வெங்காயமும் புதினா மிட்டாயும் வாடையை மறைக்கலாம், ஆல்கஹாலை மறைக்காது.

1954-இல் அமெரிக்காவில் ராபர்ட் போர்கென்ஸ்டைன் உருவாக்கிய கருவியில் மஞ்சள் நிற டைகுரோமேட் கரைசல் ஆல்கஹால் பட்டால் பச்சையாக மாறும். அந்த நிறமாற்றத்தை அளந்தார்கள். இன்று சாலையோரம் போலீஸார் நீட்டும் கைக்கருவிகளில் பெரும்பாலும் பிளாட்டினம் பூசிய ஒரு சிறு மின்கலம் இருக்கிறது. அதில் ஆல்கஹால் அசிட்டிக் அமிலமாக மாறும்போது மின்னோட்டம் பிறக்கிறது; எவ்வளவு மின்னோட்டமோ அவ்வளவு ஆல்கஹால். நீரிழிவு நோயாளியின் மூச்சில் வரும் அசிட்டோனுக்கு இந்தக் கலம் மசியாது. மலிவான குறைகடத்திக் கருவிகள்தாம் அதில் தடுமாறும்.

இந்தச் சாலையோரச் சோதனை ஒரு சல்லடை மட்டுமே. பல நாடுகளில் இதில் சிக்கியவரை நிலையத்துக்கு அழைத்துப்போய், அகச்சிவப்புக் கதிரால் அளக்கும் பெரிய கருவியில் மீண்டும் ஊதச் சொல்கிறார்கள். அல்லது ரத்தம் எடுக்கிறார்கள். இங்கிலாந்தில் நிலையத்தில் இரண்டு மாதிரிகள் எடுத்து, இரண்டில் குறைந்ததையே கணக்கில் கொள்கிறார்கள். சட்டம் அனுமதிக்கும் எல்லை நாட்டுக்கு நாடு மாறும். 100 மில்லிலிட்டர் ரத்தத்துக்கு இந்தியாவில் 30 மில்லிகிராம், இங்கிலாந்தில் 80, ஸ்காட்லாந்தில் 2014 முதல் 50.

இனி அந்த வாய் கொப்பளிக்கும் மருந்துக்கு வருகிறேன். பயிற்சிக்கு வந்த காவலர்கள் முன்னால் நானே பலமுறை செய்து காட்டியிருக்கிறேன். ஆல்கஹால் கலந்த மருந்தால் வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு உடனே ஊதுவேன். திரையில் 180-ஐத் தாண்டும். பின்வரிசையில் சிரிப்புச் சத்தம் கேட்கும். ஒன்றும் சொல்லாமல் கரும்பலகையில் அந்த எண்ணை எழுதிவிட்டுப் பாடத்தைத் தொடர்வேன். நான்கு நிமிடம் கழித்து ஊதினால் 40-ஐ ஒட்டி வரும். 15 நிமிடம் ஆனதும் சுழியம். அப்போது யாரும் சிரிக்கமாட்டார்கள். வாயின் ஈரத்தில் ஒட்டியிருக்கும் ஆல்கஹால் கால் மணி நேரத்தில் போய்விடும். ரத்தத்தில் இருப்பதோ ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 15 மில்லிகிராம்தான் குறையும். நள்ளிரவில் 120 இருந்தவருக்குத் தூங்கி எழுந்த பிறகும் காலை ஆறு மணிக்கு ஏறக்குறைய 30 மிச்சம் இருக்கும். காபியோ குளிர்ந்த நீரோ அதை விரட்டாது.

ஆக, முதல் எண்ணுக்கும் கால் மணி நேரத்துக்குப் பிந்தைய எண்ணுக்கும் உள்ள வித்தியாசமே உண்மையைச் சொல்லிவிடுகிறது. அந்த 15 நிமிடமும் அவர் எதையும் குடிக்காமல், தின்னாமல், புகைக்காமல், ஏப்பத்தோடு வயிற்றில் இருப்பது மேலே வராமல் ஒரு காவலர் பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்ளவேண்டும். நள்ளிரவில், பின்னால் வண்டிகள் வரிசைகட்டி நிற்கும்போது, இதுதான் முதலில் கைவிடப்படுகிறது. உங்கள் வாசகரின் உறவினருக்கு மறுக்கப்பட்டது இந்தக் கால் மணி நேரம்தான் என்று நினைக்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். ஆய்வகத்தில் கண்ணாடிச் சாடி ஒன்றில் துல்லியமாக அளந்து கலந்த ஆல்கஹால் கரைசலை, வெளிவிடும் மூச்சின் சூடான 34 டிகிரியில் நிறுத்தி, அதன் வழியே காற்றைச் செலுத்திக் கருவிக்குக் கொடுப்போம். 100 என்று காட்டவேண்டிய இடத்தில் ஒரு கருவி 71 காட்டியது. அதன் மின்கலம் மூப்படைந்து சோர்ந்திருந்தது. சரிபார்ப்புக்கு அனுப்பவேண்டிய கெடு கடந்து பல மாதங்கள் ஆகியிருந்தன. அத்தனை நாளும் அது சாலையில் வேலை செய்துகொண்டிருந்தது. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. கூட்டிக் காட்டிய கருவியைப் பற்றிப் பத்திரிகைக்கு எழுத ஆள் இருக்கிறது. குறைத்துக் காட்டிய கருவியால் தப்பித்தவர் புகார் சொல்லமாட்டார். சாவியை வாங்கிக்கொண்டு வண்டியைக் கிளப்பிப் போய்விடுவார். எதிரே வந்தவர்களுக்கு அது தெரியவே போவதில்லை.

அதனால் கருவியைத் தூக்கி எறியச் சொல்லும் கோரிக்கையை நான் ஏற்கவில்லை. ஊதியவர் கையில் கொடுக்கும் தாளில், காத்திருப்பு தொடங்கிய நேரம், இரண்டு ஊதல்களின் எண்கள், கருவி கடைசியாகச் சரிபார்க்கப்பட்ட தேதி ஆகிய மூன்றும் அச்சாகவேண்டும். ஏதாவது ஒன்று விடுபட்டால் அந்தச் சோதனை செல்லாது என்று விதி எழுதவேண்டும். அச்சிடும் வசதி உள்ள கருவிகள் ஏற்கெனவே இருக்கின்றன. உங்கள் வாசகரின் உறவினருக்கு அப்படி ஒரு தாள் தரப்பட்டதா? தரப்பட்டிருந்தால், அதில் இரண்டாவது எண் என்ன?

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வகப் பணியாளர்